கேட்க ஒரு காது வேண்டும்!

உங்கள் வீட்டில் பாட்டுக் கற்கும் பிள்ளை இருக்கிறதா?

இருந்தால், மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாம் இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

சுவரோரம் பாய் விரித்திருக்கும். சுருதிப் பெட்டி ஒலித்துக் கொண்டிருக்கும். பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பார்வை மட்டும் வாசலில் இருக்கும். அங்கே மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக் கொண்டிருப்பார்கள்.

"ஏண்டி நிறுத்தினாய்? பாடு!" என்று அடுப்படியில் இருந்து அம்மா அதட்டுவாள்.

"மாதா மாதம் எவ்வளவு பணம் கட்டுகிறேன், தெரியுமா?" என்பார் அப்பா. கைப்பேசியில் இருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

பெண் பாடுவாள். பாட்டு வரும். அதில் மகிழ்ச்சி இராது.

ஆறு மாதம் இப்படி ஓடும். பிறகு ஒருநாள், "எனக்குப் பாட்டு வேண்டாம்" என்பாள். சுருதிப் பெட்டி பரண்மேல் ஏறும். "அவளுக்குச் சங்கீதம் வரவில்லை" என்று அக்கம் பக்கத்தில் சொல்லிக் கொள்வோம்.

வரவில்லையா? வந்தது. நாம்தான் விரட்டிவிட்டோம்!

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளின் கதை. இதை மாற்ற முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அதிகச் செலவும் வேண்டாம்.

வீடுதான் பள்ளிக்கூடம்

பாட்டு வாத்தியார் வாரத்தில் இரண்டு நாள் வருவார். ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பார். போய்விடுவார்.

மீதி ஐந்து நாள்? அந்த ஐந்து நாளும் வீடுதான் பள்ளிக்கூடம்.

நீச்சல் கற்றுக் கொடுப்பவர் கரையில் நின்று வழி சொல்லலாம். ஆனால் தண்ணீரில் இறங்கிக் கையையும் காலையும் அடித்தால்தான் நீச்சல் வரும். பாட்டும் அப்படித்தான். பாடிப் பாடித்தான் பாட்டு வரும். இதைத்தான் பாட்டுக்காரர்கள் "சாதகம்" என்கிறார்கள்.

வீட்டில் சாதகம் செய்யும் பிள்ளைக்கு என்ன வேண்டும்? விலை உயர்ந்த வீணையா? தனி அறையா?

இல்லை. கேட்க ஒரு காது வேண்டும். அவ்வளவுதான்.

குழந்தை ஒரு படம் வரைந்தால், உடனே ஓடிவந்து நம்மிடம் காட்டுகிறது. பாட்டைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது. பாடும்போதே யாராவது கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத பாட்டு, சாப்பிட ஆள் இல்லாத சமையல் மாதிரி. தாய்மார்களுக்கு இது நன்றாகப் புரியும்!

ஆகவே பிள்ளை பாடும்போது பக்கத்தில் உட்காருங்கள். கீரை ஆய்ந்து கொண்டே கேட்கலாம். துணி மடித்துக் கொண்டே கேட்கலாம். ஆனால் டெலிவிஷனை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியைக் கீழே வையுங்கள்.

இது அம்மாவின் வேலை மட்டும் அல்ல. அப்பாவும் உட்கார வேண்டும். தாத்தா, பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

"எங்களுக்குப் பாட்டுத் தெரியாதே!"

"எங்களுக்குச் சரிகமபத கூடத் தெரியாது. நாங்கள் எப்படிப் பிள்ளைக்கு உதவ முடியும்?" என்று பலர் கேட்கிறார்கள்.

இதற்கு ஜப்பானில் ஒருவர் விடை சொன்னார். அவர் பெயர் சினிச்சி சுசுகி. வயலின் ஆசிரியர். 1898-ல் பிறந்து 1998 வரை வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மட்சுமோட்டோ என்ற ஊரில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

அவர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். ஜப்பானியக் குழந்தைகள் எல்லாம் ஜப்பானிய மொழி பேசுகின்றன!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். நம் குழந்தை தமிழ் பேசுகிறது. யார் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்? வீட்டில் எல்லோரும் பேசுவதைக் கேட்டது. ஒருநாள் "ம்மா" என்றது. வீடே கூடிக் குதித்தது. "அம்மா என்று சரியாகச் சொல்" என்று யாரும் தலையில் குட்டவில்லை. அது மறுபடியும் சொன்னது. மொழி வந்துவிட்டது.

பேச்சு வந்த வழியில் இசையும் வரும் என்றார் சுசுகி. அதனால் அவர் முதலில் குழந்தையின் கையில் வயலினைக் கொடுக்கவில்லை. தாயின் கையில் கொடுத்தார். தாய் வாசிக்கப் பழகுவதைக் குழந்தை பக்கத்தில் இருந்து பார்க்கும். கொஞ்ச நாளில், "எனக்கும் கொடு" என்று தானே கேட்கும். அப்போதுதான் பாடம் தொடங்கும்.

இதை நாமும் செய்யலாம். வாத்தியார் போனதும் பிள்ளையிடம் கேளுங்கள். "இன்று என்ன பாடம்? எனக்குச் சொல்லிக் கொடேன்!"

நீங்கள் தப்பாகப் பாடுவீர்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். "அப்படி இல்லை, அம்மா. இப்படி!" என்று பாடிக் காட்டும். அந்தப் பாட்டைக் கேளுங்கள். அதட்டியபோது வராத சுத்தம் அதில் இருக்கும்.

பாட்டுத் தெரியாத தாய்தான் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவள்!

பத்து நிமிடம் போதும்

சின்னப் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் என்ன ஆகும்? முதல் பத்து நிமிடம் பாடும். அடுத்த பத்து நிமிடம் நெளியும். அதன் பிறகு உதடு மட்டும் அசையும்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். காலையில் பத்து, மாலையில் பத்து. வயது ஏற ஏற, நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பாடிவிட்டு ஆறு நாள் சும்மா இருப்பதால் பயன் இல்லை. செடிக்குத் தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவதில்லை.

நேரத்தை ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். பல் துலக்கிப் பால் குடித்தவுடன் பாட்டு. அல்லது விளக்கு ஏற்றியவுடன் பாட்டு. பழகிவிட்டால் கூப்பிட வேண்டியதே இல்லை. விளையாட்டு நேரத்தைப் பிடுங்கிப் பாட்டுக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குப் பாட்டின் மேல்தான் கோபம் வரும்.

ஒரே நாளில் பாடம் முழுவதையும் பாடவைக்கவும் வேண்டாம். எந்த இடம் இடறுகிறதோ, அந்த ஒரு வரியை மட்டும் எடுங்கள். மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். வேகமாகத் தப்பாகப் பாடினால், அந்தத் தப்பே பழக்கமாகிவிடும். பிறகு அதை மாற்றுவது கடினம்.

இதற்கு ஒரு விளையாட்டு. ஐந்து புளியங்கொட்டை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு கிண்ணம் வையுங்கள். அந்த வரியைச் சரியாகப் பாடும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்தில் இருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். ஐந்தும் போய்விட்டால் அன்றைய பாடம் முடிந்தது. தப்பு வந்தால், போன கொட்டையைத் திருப்பி எடுக்காதீர்கள். சம்பாதித்ததைப் பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வருமே!

சரளி வரிசை கசக்கிறதா?

கர்நாடக சங்கீதம் கற்பவர்களுக்கு முதல் பாடம் சரளி வரிசை. ச ரி க ம ப த நி ச என்று ஏறி, ச நி த ப ம க ரி ச என்று இறங்க வேண்டும். இதை மாயாமாளவகௌளை என்ற ராகத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று பாடம் வளரும். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் இந்தப் பாடமுறையை வகுத்தார் என்பார்கள். பல நூறு ஆண்டுகளாக மாணவர்கள் இந்தப் படியில்தான் ஏறுகிறார்கள்.

ஆனால் பிள்ளைக்கு இது கசக்கும். "எப்போது பாட்டு வரும்?" என்று கேட்கும். நாம் அரிச்சுவடி படிக்கும்போது, "எப்போது கதை வரும்?" என்று கேட்கவில்லையா?

வரிசையை விளையாட்டாக்குங்கள். வீட்டில் மாடிப்படி இருந்தால் எட்டுப் படி போதும். முதல் படியில் நின்று "ச". அடுத்த படியில் "ரி". எட்டாவது படியில் மேல் "ச". பிறகு பாடிக்கொண்டே இறங்க வேண்டும். மாடிப்படி இல்லாவிட்டால் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எட்டுக் கட்டம் போடுங்கள். பாண்டி ஆடுவது போல் ஆடலாம்.

சுருதிக்கும் ஒரு விளையாட்டு உண்டு. சுருதி என்பது பாட்டுக்கு அடி நாதம். பாடுகிறவரின் குரல் அதை விட்டு விலகாமல் நிற்க வேண்டும். பிள்ளை "ச" என்று பாடும்போது சுருதிப் பெட்டியை நிறுத்திவிடுங்கள். கொஞ்ச நேரம் பாடட்டும். மறுபடியும் பெட்டியைப் போடுங்கள். குரல் அதே இடத்தில் நிற்கிறதா என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இதை ஒரு பெரிய பாடகியும் சிறு வயதில் செய்தார். அவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 1916-ல் மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். வீட்டில் எப்போதும் இசை கேட்கும். சிறுமி சுப்புலட்சுமி தம்பூராவை மீட்டிக்கொண்டு பாடுவாராம். நடுவில் மீட்டுவதை நிறுத்திவிட்டு, தம் குரல் சுருதியில் நிற்கிறதா என்று பார்ப்பாராம். காகிதத்தைக் குழல் போலச் சுருட்டி, அதில் பாடியும் விளையாடுவாராம்.

அந்தச் சிறுமிக்குத்தான் 1998-ல் நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னா கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளும் எம். எஸ். ஆக முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் காகிதத்தைச் சுருட்டிப் பாடலாமே!

கடுகு, தலையணை!

தாளம் கற்பது இன்னும் எளிது. அதற்குக் கை இருந்தால் போதும்.

மிருதங்கம், தவில் கற்பவர்கள் மூன்று எண்ணிக்கையைத் "தகிட" என்பார்கள். நான்கு எண்ணிக்கையைத் "தகதிமி" என்பார்கள். இதைப் பிள்ளைக்கு வீட்டுப் பொருளாலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

"கடுகு" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று எழுத்து. அதுதான் தகிட! "தலையணை" என்று சொல்லுங்கள். நான்கு எழுத்து. அதுதான் தகதிமி! இரண்டையும் சேர்த்துக் "கடுகு தலையணை, கடுகு தலையணை" என்று கைதட்டிச் சொன்னால் ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி!

வீட்டில் எந்தெந்தப் பொருள் தகிட, எந்தெந்தப் பொருள் தகதிமி என்று பிள்ளைகள் தேடட்டும். சமையல் அறையே தாளம் போடும்!

சினிமாப் பாட்டுப் பாடலாமா?

"சினிமாப் பாட்டுப் பாடினால் சங்கீதம் கெட்டுவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். இது வீண் பயம். எத்தனையோ நல்ல சினிமாப் பாட்டுகள் ராகங்களில் அமைந்திருக்கின்றன.

ஒரு ஒப்பந்தம் செய்து கொள்ளுங்கள். பத்து நிமிடம் வாத்தியார் கொடுத்த பாடம். பிறகு ஒரு பாட்டு, பிள்ளையின் விருப்பம். அது சினிமாப் பாட்டாக இருக்கலாம். பாட்டி சொல்லிக் கொடுத்த கும்மிப் பாட்டாக இருக்கலாம். அந்த ஒரு பாட்டுக்காகவே பிள்ளை பாடத்துக்கு வந்து உட்காரும்.

வந்தவர் முன்னால் பாடவைக்காதீர்கள்

வீட்டுக்கு விருந்தாளி வருவார். காபி குடித்து முடிப்பதற்குள், "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக்காட்டு, கண்ணு!" என்போம். பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளியும். இழுத்து வந்து நிறுத்துவோம். பாதிப் பாட்டில் அது தடுமாறும். மாமா சிரிப்பார். அவ்வளவுதான்! அந்தச் சிரிப்பைப் பிள்ளை பல நாள் மறக்காது.

முன்பெல்லாம் பல வீடுகளில் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது எதற்காக? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு பாட்டுப் பாடுவதற்காக! கல்யாணம் முடிந்ததும் வீணைக்கு உறை போட்டுவிடுவார்கள். அந்தப் பெண்கள் எத்தனை பேர் பிறகு பாடினார்கள்?

இன்று பெண் பார்க்கும் படலம் குறைந்திருக்கலாம். அதன் இடத்தில் டெலிவிஷன் போட்டி வந்திருக்கிறது. "அந்தப் பிள்ளை எப்படிப் பாடுகிறது, பார்! நீயும் இருக்கிறாயே!" என்கிறோம். போட்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை ஆசைப்பட்டால் போகட்டும். ஆனால் பரிசுக்காக மட்டும் பாடுகிற பிள்ளை, பரிசு கிடைக்காத அன்று பாட்டை விட்டுவிடும். தனக்காகப் பாடுகிற பிள்ளை எதற்காக விடப்போகிறது?

குரலைக் காப்பாற்றுங்கள்

பிள்ளையின் குரல் இளங்குருத்து. அதற்கு ஏற்ற கட்டையில்தான் பாட வேண்டும். அப்பாவின் சுருதிக்கும், டெலிவிஷனில் பாடுகிறவரின் சுருதிக்கும் இழுக்கக் கூடாது. எந்தக் கட்டை என்பதை வாத்தியாரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சளி பிடித்திருந்தாலும், தொண்டை கட்டியிருந்தாலும் பாட்டுக்கு விடுமுறை விடுங்கள். அன்று பாட்டுக் கேட்கலாம். கேட்பதும் பாடம்தான்.

பையன்களுக்கு 12, 13 வயதுக்கு மேல் குரல் உடையும். இதை மகரக்கட்டு என்பார்கள். குயில் போலப் பாடிய பையனின் குரல் திடீரென்று கரகரக்கும். மேலே போனால் கீச்சிடும். பையன் வெட்கப்படுவான். அப்போது கேலி செய்யாதீர்கள். இது வளர்ச்சி. வியாதி அல்ல. கொஞ்ச காலம் தாழ்ந்த சுருதியில் மெதுவாகப் பாடட்டும். அல்லது மிருதங்கமோ புல்லாங்குழலோ பழகட்டும். புதுக் குரல் நிலைத்ததும் மறுபடியும் பாடுவான். இது தெரியாமல் எத்தனை பையன்கள் வாயை மூடிக்கொண்டார்களோ!

பணம் இல்லையே!

"இதெல்லாம் பணக்காரர்களுக்கு" என்று நினைக்காதீர்கள்.

இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. தாயார் சின்னத்தாய் பாடிய நாட்டுப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். சிறு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றது, சென்னைக்கு வந்த பிறகுதான். அவருடைய முதல் பாடம் வீட்டில்தான் கிடைத்தது. அதற்குக் கட்டணம் இல்லை.

தாலாட்டுப் பாடுகிற தாய் தன் பிள்ளைக்கு இசைப் பாடம் நடத்துகிறாள். நாற்று நடும்போது பாடுகிற பாட்டும் இசைதான். கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரத்தைக் கேட்கலாம். மாதா கோவிலில் சிறுவர் பாடகர் குழுவில் சேரலாம். பறை கற்றுக் கொடுக்கும் குழுக்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன.

அரசாங்கமும் வழி செய்திருக்கிறது. பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 12 வயது ஆன பிள்ளைகள் சேரலாம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

"வேண்டாம்" என்று சொன்னால்?

எவ்வளவு செய்தும், ஒருநாள் பிள்ளை "எனக்குப் பாட்டு வேண்டாம்" என்று சொல்லலாம். கையை ஓங்காதீர்கள். காரணம் கேளுங்கள்.

பாடம் கடினமாக இருக்கலாம். அப்படியானால், வாத்தியாரிடம் சொல்லி ஒரு படி இறங்கிப் போகலாம். பாட்டை விட மிருதங்கம் பிடித்திருக்கலாம். மாற்றிக் கொடுங்கள். வாத்தியார் அடிக்கிறாரா? தயங்காமல் வேறு வாத்தியாரைத் தேடுங்கள். அடித்தால் கண்ணீர்தான் வரும். பாட்டு வராது.

ஒன்றும் இல்லாமல் வெறும் சலிப்பு என்றால், "இந்தக் கீதத்தை முடித்துவிடு. பிறகு யோசிக்கலாம்" என்று சொல்லுங்கள். முடித்த மகிழ்ச்சியில் பல பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அப்படியும் வேண்டாம் என்றால், சண்டை இல்லாமல் நிறுத்துங்கள். சிரித்துக் கொண்டே மூடிய கதவு என்றாவது ஒருநாள் திறக்கும். அழுது கொண்டே மூடிய கதவு திறப்பது கடினம்.

இன்று மாலையே தொடங்குங்கள்!

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். ஒரு சின்னக் கச்சேரி நடத்துங்கள்.

பாட்டி ஒரு தாலாட்டுப் பாடட்டும். அப்பா தமக்குத் தெரிந்த பழைய சினிமாப் பாட்டைப் பாடட்டும். குரல் எப்படி இருந்தாலும் சரி! அம்மாவும் பாட வேண்டும். தப்பித்துக்கொள்ளக் கூடாது. கடைக்குட்டி தட்டில் தாளம் போடட்டும். பாட்டுக் கற்கும் பிள்ளையும் தானாக வந்து ஒரு பாட்டுப் பாடும். இன்று பாடாவிட்டால், அடுத்த ஞாயிறு பாடும்.

இந்தக் கச்சேரிக்கு ஒரே ஒரு சட்டம்: யாரும் யார் பாட்டிலும் குறை சொல்லக் கூடாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நாளைக்குப் பெரிய பாடகராக வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வளர்ந்து, வேலைக்குப் போய், வாழ்க்கையில் களைத்து வீடு திரும்பும் ஒரு மாலையில், தன்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுக்கும். மனம் லேசாகும். அது நீங்கள் சேர்த்து வைத்த சொத்து.

அந்தச் சொத்தைச் சேர்க்க இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாயில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

அதட்டாதீர்கள். கேளுங்கள்!